அமெரிக்காவில் டாக்டராக ஆசைப்படும் பிள்ளைக்கு எந்தக் கல்லூரி, எந்த மேஜர்?

அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் நேராக மருத்துவம் சேர முடியாது. முதலில் ஏதாவது ஒரு பாடத்தில் (அதைத்தான் மேஜர் என்பார்கள்) நான்கு வருடப் பட்டப்படிப்பு. அதன்பின் நான்கு வருடம் மெடிக்கல் ஸ்கூல். அப்புறம் துறையைப் பொறுத்து மூன்றிலிருந்து ஏழு வருடம் வரை ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சி. இதில் முதல் நான்கு வருடத்தை எங்கே, எதைப் படித்துக் கழிப்பது என்பதில்தான் இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் அதிகம் தடுமாறுகின்றன. கட்ஆஃப், கவுன்சலிங், ரேங்க் என்றே வளர்ந்த பெற்றோருக்கு "பெரிய பெயருள்ள காலேஜ், பயாலஜி மேஜர்" என்பதுதான் பாதுகாப்பான முடிவாகத் தோன்றும். பல பிள்ளைகளுக்கு அந்த முடிவே பாதகமாகிவிடுகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளை நல்ல கிரேடு எடுக்கக்கூடிய, இரண்டு மூன்று பேராசிரியர்களாவது அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய, பெரிய கடன் இல்லாமல் முடிக்கக்கூடிய கல்லூரிதான் நல்ல ப்ரீ-மெட் (மெடிக்கல் ஸ்கூலுக்குத் தயாராகும் படிப்பு) கல்லூரி. மேஜர், அவளுக்கு உண்மையிலேயே பிடித்த பாடம். இந்த முடிவுக்கு எப்படி வருவது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: மெடிக்கல் ஸ்கூல் எதைப் பார்க்கிறது?

எம்டி (இங்கே அதுதான் அடிப்படை மருத்துவப் பட்டம்) தரும் பள்ளிகள் 150க்கும் மேல் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஆம்காஸ் என்ற ஒரே பொது விண்ணப்பம். டிஓ பட்டம் தரும் ஆஸ்டியோபதிப் பள்ளிகளுக்கு ஆகோமாஸ். டெக்சஸ் அரசு மெடிக்கல் ஸ்கூல்களுக்கு டிஎம்டிசாஸ் என்று தனி வழி. எம்டி, டிஓ இருவருமே முழு டாக்டர்கள். "டிஓ என்றால் ஒரு படி கீழே" என்று பிள்ளை காதில் விழும்படி யாரும் பேச வேண்டாம்.

எந்த வழியில் போனாலும் இரண்டு எண்கள்தான் முதல் வாசல்: ஜிபிஏ (4.0 அளவில் கல்லூரிக் கிரேடுகளின் சராசரி), எம்கேட் (மெடிக்கல் ஸ்கூல் நுழைவுத் தேர்வு). எம்கேட் 472 முதல் 528 வரை மதிப்பெண் தரும் தேர்வு. 500 ஏறக்குறைய நடுப்புள்ளி. எம்டி பள்ளிகளில் சேருகிறவர்களின் சராசரி சமீப ஆண்டுகளில் 511, 512 என்ற அளவில் இருக்கிறது. அவர்களின் சராசரி ஜிபிஏ 3.75க்கும் மேல். விண்ணப்பிப்பவர்களில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே அந்த வருடம் இடம் கிடைக்கிறது.

ஜிபிஏவை ஆம்காஸ் தானே மறுபடி கணக்கிடும். பயாலஜி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், கணக்கு நான்குக்கும் சேர்த்து ஒரு தனி ஜிபிஏ போடும். ஒரு பாடத்தை மறுபடி எழுதி ஏ வாங்கினாலும், பழைய சி அழியாது, இரண்டும் சேரும். பள்ளியில் படிக்கும்போது டூயல் கிரெடிட் என்று எடுத்த கல்லூரிப் பாடங்களும் இதில் வந்துவிடும். பத்தாம் வகுப்புக் கோடையில் "சும்மா எடுத்து வைப்போம்" என்று ஆரம்பித்துக் கவனமில்லாமல் பி வாங்கிய கம்யூனிட்டி காலேஜ் பாடம், ஐந்தாறு வருடம் கழித்து டாக்டர் படிப்புக்கான விண்ணப்பத்தில் வந்து நிற்கும். இது பல பெற்றோருக்குத் தெரிவதே இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் வருடம் 30 கிரெடிட்டில் 3.2. அதன்பின் விழுந்து விழுந்து படித்து, அடுத்த இரண்டு வருடம் 60 கிரெடிட்டில் 3.9. மூன்று வருடமும் சேர்ந்து 3.67தான் வரும். கடினமான கல்லூரியில் முதல் வருடம் கொஞ்சம் அடிபட்டாலும் பிறகு பிடித்துக்கொள்ளலாம் என்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்க வேண்டும். ஏறுமுகமாக இருப்பதை மெடிக்கல் ஸ்கூல்கள் கவனிக்கும் என்பது உண்மை. ஆனால் அந்தக் கவனிப்பு, முதல் வாசலைத் தாண்டிய பிறகுதான்.

படி 2: விசா நிலையையும் மாநிலத்தையும் இப்போதே கவனியுங்கள்

நம் குடும்பங்களுக்கு இதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். பொதுவான வழிகாட்டிகளில் இது ஒரு வரியில் முடிந்துவிடும்.

பெற்றோர் எச்-1பி வேலை விசாவில் இருந்து, பிள்ளை அவர்களைச் சார்ந்த எச்-4 விசாவில் இருந்தால், 21 வயதில் அந்த எச்-4 முடிந்துவிடும். இந்தியாவில் பிறந்தவர்களுக்கான கிரீன் கார்டு வரிசையின் நீளம் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மெடிக்கல் ஸ்கூலுக்கு விண்ணப்பிக்கும் வயதும் ஏறக்குறைய அதேதான். ஆக, மூன்று வயதில் இங்கே வந்து இங்கேயே வளர்ந்த பெண், விண்ணப்பிக்கும் வருடத்தில் எஃப்-1 மாணவியாக, அதாவது வெளிநாட்டு மாணவியாக நிற்க நேரலாம். பல மெடிக்கல் ஸ்கூல்கள் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களை எடுப்பதே இல்லை. எடுக்கும் சிலவும், ஒரு வருடத்திலிருந்து நான்கு வருடம் வரையான கட்டணத்தை முன்கூட்டியே வங்கியில் கட்டிக் காட்டச் சொல்வது உண்டு. மத்திய அரசின் கல்விக் கடனும் அவர்களுக்குக் கிடையாது.

இதனால் ஆசையையே விட வேண்டும் என்று சொல்லவில்லை. ஒன்பதாம் வகுப்பிலேயே ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் பிள்ளையின் வயதையும் பிரையாரிட்டி தேதியையும் (கிரீன் கார்டு வரிசையில் உங்கள் இடத்தைக் குறிக்கும் தேதி) காட்டிப் பேசுங்கள். மருத்துவம் தள்ளிப்போனாலும் வேலை கிடைக்கக்கூடிய மேஜரைத் தேர்ந்தெடுப்பது இந்தப் பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிட அவசியம். அமெரிக்கக் குடிமகனான தம்பிக்கு ஒரு ஆலோசனை, எச்-4இல் இருக்கும் அக்காவுக்கு வேறு ஆலோசனை. ஒரே வீட்டில் இது நடக்கிறது.

அடுத்து மாநிலம். அரசு மெடிக்கல் ஸ்கூல்கள் தங்கள் மாநிலத்துப் பிள்ளைகளுக்கே முன்னுரிமை தரும். டெக்சஸில் சட்டப்படியே வெளிமாநிலத்தவருக்குப் பத்து சதவீதம்தான். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மெடிக்கல் ஸ்கூல், தன் மாநிலத்தோடு வயோமிங், அலாஸ்கா, மொன்டானா, ஐடஹோ ஆகியவற்றுக்கும் சேர்த்து டாக்டர்களை உருவாக்குகிறது. கலிஃபோர்னியாவில் மெடிக்கல் ஸ்கூல்கள் நிறைய இருந்தும், விண்ணப்பிப்பவர்கள் அதைவிட மிக அதிகம். நியூஜெர்சிப் பையன் டெக்சஸில் படிக்கப் போனதால் மட்டும் டெக்சஸ்காரன் ஆகிவிட மாட்டான். பெரும்பாலும் பெற்றோரின் இருப்பிடம்தான் கணக்கு. வேலை மாற்றிக்கொண்டு ஊர் பெயரும் யோசனை இருந்தால், இதையும் ஒரு காரணமாக வைத்து யோசியுங்கள்.

படி 3: பணத்தைப் பின்னால் இருந்து முன்னால் எண்ணுங்கள்

தனியார் மெடிக்கல் ஸ்கூலில் நான்கு வருடச் செலவு, தங்குமிடம் சாப்பாடு எல்லாம் சேர்த்து, 3 லட்சம் டாலரைத் தாண்டுவது சாதாரணம். 2026 ஜூலை 1 முதல், புதிதாகக் கடன் வாங்கும் மெடிக்கல் மாணவர்களுக்கு மத்திய அரசுக் கடன் வருடத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர் என்று வரம்பு வந்திருக்கிறது. மீதிச் செலவு முழுவதையும் ஈடுகட்டிக் கொடுத்துவந்த கிராட் பிளஸ் கடன் புதியவர்களுக்கு இல்லை. வரம்புக்கு மேல் ஆகும் செலவுக்கு வீட்டுப் பணம், உதவித்தொகை, தனியார் கடன் இவைதான் வழி.

நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கிராஸ்மன் மெடிக்கல் ஸ்கூல் 2018இலும், ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மெடிக்கல் காலேஜ் 2024இலும் கல்விக் கட்டணத்தையே எடுத்துவிட்டன. ஜான்ஸ் ஹாப்கின்ஸில், வருட வருமானம் 3 லட்சம் டாலருக்குக் குறைவான பெரும்பாலான குடும்பங்களுக்குக் கட்டணம் இல்லை. நல்ல விஷயம்தான், ஆனால் அந்த இடங்களை நம்பிக் கணக்குப் போட முடியாது.

ஆகவே பட்டப்படிப்பில் மிச்சம் பிடியுங்கள். உங்கள் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நன்றாகப் படிக்கும் மாணவர்களுக்கான ஹானர்ஸ் பிரிவில் பாதிக் கட்டணத்தில் இடமும், பெரிய பெயருள்ள தனியார் கல்லூரியில் முழுக் கட்டணத்தில் இடமும் ஒரே பிள்ளைக்குக் கிடைத்தால், மருத்துவம்தான் குறி என்றால், நான் ஹானர்ஸ் பிரிவையே சொல்வேன். 529 என்ற கல்விச் சேமிப்புக் கணக்கில் மிஞ்சும் பணத்தை மெடிக்கல் ஸ்கூலுக்கும் பயன்படுத்தலாம்.

பெயருக்கு மதிப்பே இல்லையா என்றால், இருக்கிறது. ஆராய்ச்சிக்குப் பேர்போன சில தனியார் மெடிக்கல் ஸ்கூல்கள் எங்கே படித்தாய் என்பதைப் பார்க்கத்தான் செய்கின்றன. ஆனால் பெரிய இடத்தில் எடுத்த 3.4ஐ அந்தப் பெயர் 3.8 ஆக்கிக் காட்டாது. பிரின்ஸ்டன் 2004 முதல் 2014 வரை, ஏ கிரேடுகளை ஏறக்குறைய 35 சதவீதத்துக்குள் வைக்கும் கொள்கையை நடைமுறையில் வைத்திருந்து, பின்பு கைவிட்டது. கிரேடு தருவதில் ஒவ்வொரு இடமும் எவ்வளவு வேறுபடும் என்பதற்கு அது ஒரு உதாரணம்.

படி 4: கல்லூரிக்குப் போய்க் கேட்க வேண்டியவை

கல்லூரி பார்க்கப் போகும்போது உணவுக்கூடத்தையும் விடுதியையும் சுற்றிக் காட்டுவார்கள். நீங்கள் ப்ரீ-ஹெல்த் ஆலோசகரோடு (ப்ரீ-மெட் மாணவர்களுக்கு வழிகாட்டுபவர்) இருபது நிமிடம் கேட்டு வாங்குங்கள். பேச்சு பிள்ளையுடையதாக இருக்கட்டும். அப்பா அம்மா பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

"எங்கள் மாணவர்களில் 90 சதவீதம் பேருக்கு மெடிக்கல் ஸ்கூல் கிடைக்கிறது" என்று பல இடங்களில் சொல்வார்கள். அதை அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள். முதல் வருடம் 400 பேர் ப்ரீ-மெட் என்று ஆரம்பித்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி முடியும்போது 150 பேர் மிஞ்சினார்கள். அதில் கல்லூரிக் குழு பரிந்துரைக் கடிதம் தர ஒப்புக்கொண்டது 60 பேருக்கு. 54 பேருக்கு இடம் கிடைத்தது. 90 சதவீதம் என்பது பொய்யில்லை. ஆனால் உங்கள் பிள்ளை அந்த 400இல் ஒருத்தியாகத்தான் உள்ளே போகிறாள். எனவே கேளுங்கள்: முதல் வருடத்தில் எத்தனை பேர், கடைசியில் விண்ணப்பித்தது எத்தனை பேர்? கமிட்டிக் கடிதம் கேட்கும் எல்லோருக்கும் உண்டா, குறிப்பிட்ட ஜிபிஏவுக்கு மேல் இருந்தால்தானா? நீங்கள் சொல்லும் விகிதத்தில் டிஓ, கரீபியன் தீவுப் பள்ளிகளும் சேர்த்தியா? நல்ல ஆலோசகர் இதற்கெல்லாம் முகம் சுளிக்க மாட்டார்.

அப்புறம் அறிமுகக் கெமிஸ்ட்ரி வகுப்பில் எத்தனை பேர் என்று கேளுங்கள். முன்னூறு பேர் இருக்கும் அரங்கம் என்றால் பயப்பட வேண்டாம். சிறு குழுக்களாகப் பிரித்து நடத்தும் வகுப்பும், இலவச டியூட்டரிங்கும் உண்டா என்று பாருங்கள். கிரேடு எப்படிப் போடுகிறார்கள் என்பது இன்னும் முக்கியம். வகுப்பில் இத்தனை சதவீதத்துக்கு மேல் ஏ கிடையாது என்ற முறை இருந்தால், பக்கத்தில் உட்காருபவர்கள் போட்டியாளர்கள் ஆகிவிடுவார்கள். டெக்சஸ் ஏ அண்ட் எம் போன்ற சில அரசுப் பல்கலைக்கழகங்கள், பாடவாரியாக எத்தனை பேருக்கு ஏ, எத்தனை பேருக்கு சி என்ற கணக்கை வெளியிடுகின்றன. அரை மணி நேரம் செலவழித்து அதைப் பாருங்கள். எந்தத் தரவரிசைப் பட்டியலையும்விட அது அதிகம் சொல்லும்.

மருத்துவமனை எவ்வளவு தூரம் என்பதையும் பாருங்கள். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்திலும், கிளீவ்லாந்தின் கேஸ் வெஸ்டர்னிலும் வகுப்பிலிருந்து மருத்துவமனைக்கு நடந்தே போய்விடலாம். கார் இல்லாத பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அது பெரிய வசதி. மறுபக்கம், கிராமப்புறச் சிறு கல்லூரிகளில் இருபது பேர் வகுப்பில் பேராசிரியர் பிள்ளையை நன்றாக அறிவார். கடிதம் எழுதும்போது அந்த வித்தியாசம் தெரியும். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

படி 5: மேஜர்

ப்ரீ-மெட் என்பது பெரும்பாலான கல்லூரிகளில் ஒரு மேஜரே இல்லை. ஒரு வருட பயாலஜி, ஒரு வருட பொதுக் கெமிஸ்ட்ரி, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, ஒரு வருட பிசிக்ஸ் (எல்லாம் லேபோடு), பயோகெமிஸ்ட்ரி, ஆங்கிலம், புள்ளியியல்: ஏறக்குறைய இவ்வளவுதான் தேவை. பள்ளிக்குப் பள்ளி சிறு மாற்றங்கள் இருக்கும். அமெரிக்க மெடிக்கல் ஸ்கூல்களின் சங்கமான ஏஏஎம்சி நடத்தும் எம்எஸ்ஏஆர் தளத்தில் ஒவ்வொரு மெடிக்கல் ஸ்கூலும் கேட்பது வரிசையாக இருக்கிறது. இவற்றை முடித்தபின் மீதிக் கிரெடிட்டில் எதையும் படிக்கலாம்.

விண்ணப்பிப்பவர்களில் பாதிக்கும் மேல் உயிரியல் பிரிவினர். ஆனால் இடம் கிடைக்கும் விகிதத்தைப் பார்த்தால், இலக்கியம், வரலாறு, தத்துவம் படித்தவர்கள் அவர்களுக்குக் குறைந்தவர்கள் இல்லை. பல ஆண்டுகளில் சற்று மேலேயே இருக்கிறார்கள். ஹெல்த் சயின்ஸ் என்ற பெயருள்ள மேஜர்களில் படித்தவர்களின் விகிதம்தான் குறைவாக இருந்துவருகிறது. 1989இல் மருத்துவ நோபல் பெற்ற ஹெரால்ட் வார்மஸ், ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தவர். அதிலேயே ஹார்வர்டில் முதுகலையும் முடித்துவிட்டுத்தான் மருத்துவத்துக்கு வந்தார். நரம்பியல் அறுவை மருத்துவர் பால் கலாநிதி ஸ்டான்ஃபோர்டில் ஆங்கில இலக்கியமும் மனித உயிரியலும் சேர்த்துப் படித்தார். மவுன்ட் சைனாயின் ஐகான் மெடிக்கல் ஸ்கூல் 1987 முதலே மானுடவியல், கலை, இலக்கிய மாணவர்களுக்கு ஒரு தனி வாசல் வைத்தது. இப்போது ஃப்ளெக்ஸ்மெட் என்ற பெயரில் எந்த மேஜர் மாணவரும் கல்லூரி இரண்டாம் வருடத்திலேயே அதற்கு விண்ணப்பிக்கலாம், எம்கேட் வேண்டாம்.

இதைப் படித்துவிட்டு, பயாலஜியை நேசிக்கும் பிள்ளையைத் தத்துவத்துக்குத் தள்ள வேண்டாம். பிடித்த பாடத்தில் கிரேடு தானாக ஏறும், பேராசிரியரோடு பேச்சு வரும், நேர்முகத்தில் கண் ஒளிரும். மேஜர் எதுவானாலும் இந்த மூன்றும்தான் வேலை செய்கின்றன.

சில மேஜர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பயோமெடிக்கல் இன்ஜினீயரிங் நல்ல படிப்பு. ஆனால் கிரேடு எடுப்பது கஷ்டம், எலெக்டிவுக்கு இடமும் குறைவு. இன்ஜினீயரிங்கையே விரும்பும் பிள்ளை மட்டும் எடுக்கட்டும். உளவியல், சமூகவியல் படிப்பவர்களுக்கு ஒரு சின்ன லாபம்: 2015இல் மாறிய எம்கேட்டின் நான்கு பகுதிகளில் ஒன்று முழுக்க மனம், சமூகம், நடத்தை பற்றியது. நர்சிங் என்பது அதற்கே உரிய ஒரு தொழில். மருத்துவத்துக்கு ஏணியாக மட்டும் எடுப்பது சரியில்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ், புள்ளியியல், பொதுச் சுகாதாரம் எல்லாம், மருத்துவம் கிடைக்காவிட்டாலும் பட்டத்தோடு வேலைக்குப் போக உதவும். எச்-4 பிள்ளைகளுக்கு நான் இவற்றைத்தான் முதலில் சொல்வது.

படி 6: வருடவாரியாக ஒரு வரைபடம்

வரலாற்றை மேஜராக எடுக்கும் ஒரு பெண்ணுக்கு எழுதிப் பார்ப்போம். முதல் வருடம்: பொதுக் கெமிஸ்ட்ரி லேபோடு, புள்ளியியல், இரண்டு வரலாற்றுப் பாடங்கள், ஆங்கிலக் கட்டுரை வகுப்பு. இரண்டாம் வருடம்: ஆர்கானிக், பயாலஜி, மேஜருக்கு மூன்று நான்கு பாடங்கள். மூன்றாம் வருடம்: பயோகெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், ஒரு உளவியல் பாடம். நான்காம் வருடம் முழுக்க மேஜருக்கும் ஆய்வுக் கட்டுரைக்கும். முதல் செமஸ்டரில் கெமிஸ்ட்ரி, பயாலஜி, கால்குலஸ் மூன்றையும் ஒன்றாக எடுக்கவே கூடாது. வீட்டை விட்டுப் போன முதல் மூன்று மாதம் எந்தப் பிள்ளைக்கும் சுலபமில்லை.

பள்ளியிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வான ஏபியில் 5 வாங்கியதால் கெமிஸ்ட்ரியைத் தாண்டிவிடலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்க: சில மெடிக்கல் ஸ்கூல்கள் ஏபி கிரெடிட்டை ஏற்பதில்லை, சில, அதே துறையில் மேல்நிலைப் பாடம் எடுத்தால் ஏற்கும்.

நடுவில் இடைவெளி இல்லாமல் போக வேண்டும் என்றால் மூன்றாம் வருட வசந்தத்துக்குள் எம்கேட் எழுதி, அந்தக் கோடையின் தொடக்கத்திலேயே விண்ணப்பத்தை அனுப்ப வேண்டும். அப்போது மூன்று வருட கிரேடுதான் கையில் இருக்கும். இன்று மெடிக்கல் ஸ்கூல் சேருபவர்களில் பாதிக்கும் மேல் ஒரு வருடமாவது இடைவெளி எடுத்தவர்கள். "ஒரு வருடம் வீணாகிறதே" என்று நம் வீடுகளில் பதறுகிறார்கள். அந்த வருடம் நான்காம் வருட கிரேடையும், ஒரு வேலை அனுபவத்தையும், நிதானமாக எழுதிய எம்கேட்டையும் தரும். தாமதமாக முடிவெடுத்தவர்களுக்கு பிரின் மார், கவுச்சர் போன்ற கல்லூரிகளில் பட்டத்துக்குப் பிந்தைய ப்ரீ-மெட் படிப்பும் உண்டு.

வகுப்புக்கு வெளியே: டாக்டர்களோடு கூடவே இருந்து பார்ப்பது, ஸ்கிரைப் வேலை (டாக்டருக்குக் குறிப்பெடுப்பது), இஎம்டி பயிற்சி (அவசர முதலுதவி), முதியோர் இல்லத்திலோ இறுதிக்கால நோயாளிகளுக்கான ஹாஸ்பிஸிலோ தொண்டு, விருப்பமிருந்தால் ஆராய்ச்சி. பத்து சங்கத்தில் பெயர் கொடுப்பதைவிட இரண்டில் மூன்று வருடம் நிலைத்திருப்பது மேல். வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு வருடக்கணக்காக எழுத்து சொல்லிக்கொடுப்பதும் உண்மையான சேவைதான். எழுதத் தயங்க வேண்டாம். ஒரு எச்சரிக்கை: கோடை விடுமுறையில் மதுரையிலோ திருச்சியிலோ சித்தப்பா மருத்துவமனையில் இருந்து பார்ப்பது தப்பில்லை. ஆனால் பயிற்சி இல்லாத பிள்ளை ஊசி போட்டதையோ தையல் போட்டதையோ பெருமையாக எழுதினால், படிப்பவர் அதை நோயாளிக்குச் செய்த தவறாகத்தான் பார்ப்பார்.

படி 7: பிஎஸ்/எம்டி வேண்டுமா?

பள்ளி முடியும்போதே மெடிக்கல் ஸ்கூல் இடத்தையும் சேர்த்துத் தரும் திட்டங்கள் நம் மக்களிடையே மிகப் பிரபலம். பிரவுன் பல்கலைக்கழகத்தின் பிஎல்எம்இ எட்டு வருடம். எந்த மேஜரும் படிக்கலாம். மிசூரி-கன்சாஸ் சிட்டி பல்கலைக்கழகத்தில் ஆறே வருடம். விடுமுறை குறைவு, வேகம் அதிகம். தி காலேஜ் ஆஃப் நியூஜெர்சி என்ற கல்லூரியும் ரட்கர்ஸ் மெடிக்கல் ஸ்கூலும் சேர்ந்து நடத்துவது ஏழு வருடம். மருத்துவமனையை நேரில் பார்த்து, அதன் பிறகும் உறுதியாக இருக்கும் பிள்ளைக்கு இவை நல்ல வழி. ஒப்பந்தத்தில் நான்கைப் பாருங்கள்: எம்கேட் உண்டா, இடத்தைத் தக்கவைக்க எவ்வளவு ஜிபிஏ வேண்டும், வேறு மெடிக்கல் ஸ்கூலுக்கு விண்ணப்பித்தால் இந்த இடம் போய்விடுமா, மனம் மாறினால் சாதாரணப் பட்டத்தோடு வெளியே வர முடியுமா. பதினேழு வயதில் எடுத்த முடிவை இருபதில் மாற்றிக்கொள்ளும் உரிமை பிள்ளைக்கு இருக்க வேண்டும்.

மே 1க்கு முன்

பெரும்பாலான கல்லூரிகளுக்கு மே 1க்குள் முடிவைச் சொல்லி முன்பணம் கட்ட வேண்டும். மார்ச் கடைசியில் எல்லாப் பதில்களும் வந்தபின், கடைசி மூன்று கல்லூரிகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கு வருட மொத்தச் செலவு, கமிட்டிக் கடித விதி, அறிமுகக் கெமிஸ்ட்ரி வகுப்பின் அளவு, மருத்துவமனை தூரம், "மருத்துவம் வேண்டாம் என்று முடிவெடுத்தால் இங்கே வேறு எதைப் படிப்பேன்" என்ற கேள்விக்குப் பிள்ளை தன் கையால் எழுதிய பதில். உதவித்தொகை போதவில்லை என்றால், அடுத்த கல்லூரி தந்த கடிதத்தை இணைத்து நிதி அலுவலகத்துக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். கேட்பதால் கொடுத்த இடத்தைப் பறிக்க மாட்டார்கள். முடிந்தால் அங்கே இப்போது படிக்கும் மூன்றாம் வருட ப்ரீ-மெட் மாணவர் ஒருவரோடு பிள்ளை தனியாகப் பேசட்டும், நீங்கள் அறையில் இல்லாமல். முதல் வருட மாணவருக்கு இன்னும் ஆர்கானிக் வந்திருக்காது. மூன்றாம் வருடத்துக்காரர் எல்லாம் பார்த்திருப்பார்.